துரைமார் வயிறும் என் கர்லாக்கட்டையும்

அடுத்தவர் உடம்பை வளைக்கிற தொழிலில் ஒரே ஒரு சங்கடம்தான்: வளைய வேண்டிய உடம்பு நம்முடையது இல்லை. மாவு சரியில்லை என்றால் தோசை சுடுகிறவர் வேறு மாவு அரைத்துக்கொள்ளலாம். மாடு படுத்துக்கொண்டால் வண்டிக்காரர் வேறு மாடு பூட்டிக்கொள்ளலாம். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. வந்த உடம்போடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அந்த உடம்புக்கு மேலே ஒரு தலை வேறு இருக்கும். அது ஓயாமல் பேசும். தேகப்பயிற்சி சொல்லிக்கொடுத்துப் பிழைக்கும் அன்பர்கள் யாராவது இதைப் படித்தால், ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு மேலே படியுங்கள். நம் கஷ்டம் நமக்குத்தான் தெரியும்.

நான் மேய்த்தவை சாதாரண உடம்புகள் இல்லை. கோல்ப் விளையாடுகிற வெள்ளைக்கார துரைமாரின் உடம்புகள். மலாயாவில், ஜொகூரில் லாபிஸ் பக்கம், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே துரைமாருக்கென்று ஒரு கிளப் இருந்தது. அதை ஒட்டி ஒன்பது குழி வெட்டிய கோல்ப் மைதானம். நீளக் குச்சியால் ஒரு சின்ன வெள்ளைப் பந்தை அடித்துவிட்டு, அது எங்கே போனது என்று அரைநாள் தேடுகிற விளையாட்டு அது. ரப்பர் விலை விழுந்து கிடந்த காலம். துரைமாருக்கு வேலை குறைந்து தேடுகிற நேரம் கூடியிருந்தது. நான் அந்த மைதானத்தில் புல்வெட்டியாக இருந்தேன்.

வேலை கிடைத்த விதம்

கும்பகோணத்தில் சிறுவயதில் குஸ்தி கோதாவில் புரண்டவன் நான். கப்பலேறி வந்தபிறகும் விடியற்காலையில் கர்லாக்கட்டை சுற்றாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஆள் தொடையளவு பருமனான கட்டை, ஒரு முனையில் கைப்பிடி. தலைக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சுழற்றி முன்னால் கொண்டுவர வேண்டும். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும். அதற்கேற்ற கட்டையை நானே ஒரு மெராந்தி மரத்துண்டில் செதுக்கி வைத்துக்கொண்டு, புல்வெட்டும் சாமான் கொட்டகைக்குப் பின்னால் சுற்றுவேன்.

ஒருநாள் காலை, திரும்பிப் பார்த்தால் பெரிய துரை நிற்கிறார். பக்கத்திலிருந்த பெரிய தோட்டத்தின் மேனேஜர், கிளப்புக்கும் அவர்தான் தலைவர். பால்மரம் சீவுகிறவர்களிடம் தமிழ் கற்றவர் என்பதால் சரளமாகப் பேசுவார். ஆனால் மரியாதை விகுதி என்று ஒன்று தமிழில் இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை பொந்தியான் பக்கத்து கிளப்போடு கோப்பைக்காகப் பந்தயம் நடக்கும். நாலு பேருக்கு நாலு பேர். எங்கள் கிளப் ஜெயித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. அந்தக் கவலையோடு காலை நடை வந்தவர், கட்டை சுழல்வதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது எதுக்கு?" என்றார்.

"தோள் இறுகும் தொரை. இடுப்பு நல்லா திரும்பும். ரெண்டு மாசத்துல ஆளு இரும்பா ஆயிடலாம்."

அவர் தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "ரங்கசாமி, நாளையிலேருந்து நீ புல்லு வெட்ட வேணாம். எங்களை வெட்டு."

உட்கார்ந்தவர்

பெரிய துரையிடமிருந்தே ஆரம்பித்தேன். அவர் பந்தை அடிக்க நின்றால் வயிறு பந்தை மறைத்துவிடும். "பந்து அங்கதான் தொரை இருக்கு" என்று பை தூக்குகிற ஆள் ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டும். முதலில் காலுக்குப் பலம் கொடுப்போம் என்று கிளப் வராந்தாவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு குந்தி எழுகிற பஸ்கி போடச் சொன்னேன். முதல் பஸ்கிக்கு அழகாக இறங்கினார். இறங்கியவர் ஏறவில்லை. ஏற முடியவில்லை என்று ஒத்துக்கொள்கிற பரம்பரையும் இல்லை. "கொஞ்ச நேரம் இங்க இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பத்திரிகையைக் கொண்டுவரச் சொன்னார். குந்தியபடியே படிக்க ஆரம்பித்தார்.

அப்போது கிளப்பின் கணக்கெழுதுகிற கிராணியார் பொன்னம்பலம் கையெழுத்து வாங்க வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டில் ஒரு சுருக்கம் இருக்காது, வேலையில் ஒரு பிசகு இருக்காது. துரை தரையில் குந்தியிருக்கும்போது தான் நின்றுகொண்டு பேனாவை நீட்டுவது முறையா என்று ஒரு கணம் யோசித்தார். பிறகு கோட்டின் கீழ்விளிம்பைத் தூக்கிக்கொண்டு தானும் குந்தினார். அடுத்தபடியாக ரயில்வே துரை வந்தார். தண்டவாளம் பராமரிக்கும் எஞ்சினியர், கொக்கு மாதிரி உயரம். இரண்டு பேர் குந்தியிருப்பதைக் கண்டதும் வராந்தாப் பலகைக்கு அடியில் ஏதோ பாம்பு இருக்கிறது என்று முடிவுகட்டி, அவரும் மெல்லக் குந்திப் பலகை இடுக்கில் உற்றுப் பார்த்தார். நான் எந்தப் பக்கம் சிரிப்பது என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் இரண்டு வேலையாட்கள் கக்கத்தில் கைகொடுத்துப் பெரிய துரையைத் தூக்கி நிறுத்தினார்கள். அவர் பத்திரிகையை மடித்து என்னிடம் தந்தார். "இறங்க சொல்லிக் குடுத்தே, நல்லது. ஏற சொல்லிக் குடுக்கிறது நாளைக்கா?"

விடு

ரயில்வே துரைக்கு வயிறு இல்லை, தோளும் இல்லை. அவருக்குக் கர்லாக்கட்டைதான் சரி என்று கிளப்புக்குப் பின்புறம் நிறுத்தினேன். தண்டவாளம் தூக்குகிற ஆட்களோடு பழகியதில் அவருக்குத் தெரிந்த தமிழ் மூன்றே வார்த்தை: பிடி, தூக்கு, விடு. அந்த மூன்றும் அவருக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"கட்டையைப் பிடிங்க" என்றேன். பிடித்தார். "தலைக்குப் பின்னால தூக்குங்க, மூச்சை நல்லா இழுங்க" என்றேன். தூக்கினார். கட்டை பின்னால் போய் வேகம் பிடித்து முன்னால் வருகிற நேரம் பார்த்து, "இப்ப மூச்சை விடுங்க" என்று குரல் கொடுத்தேன். மூச்சு என்ற சொல் அவர் பட்டியலில் இல்லை. விட்டுவிட்டார்.

கட்டை ஆகாயத்தில் ஒரு வட்டம் போட்டு, சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே போனது. ஒரு பெரிய சத்தம். எனக்கு உயிர் போய் வந்தது. உள்ளே குக்கி இருந்தார். ஹைனானிலிருந்து வந்த சீனச் சமையற்காரர். எதற்கும் அசராதவர், எந்தப் பதார்த்தத்தையும் தெரியாது என்று சொல்லாதவர். சற்று நேரத்தில் கதவு திறந்தது. மேல்சட்டை முழுக்கக் கோழி சூப்பு வழிய, கட்டையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து நின்றார். ரயில்வே துரையை ஒரு பார்வை, என்னை ஒரு பார்வை. மலாயில் அவர் கேட்டதை அப்படியே தமிழில் தருகிறேன்: "சட்டிக்குள்ள போட்டாச்சு, சரி. இது வேக எவ்வளவு நேரம் ஆகும்?"

வயிற்றுக்கு ஒரு சட்டம்

அங்கத்தினர்களுக்குப் பயிற்சி முறை மறந்துபோகிறது, எழுதி அறிவிப்புப் பலகையில் போடு என்று பெரிய துரை உத்தரவிட்டார். எனக்கு இங்கிலீஷ் வராது. நான் தமிழில் சொல்லச் சொல்லக் கிராணியார் இங்கிலீஷில் டைப் அடித்தார். அவரிடம் சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. "தண்டால் எண்டால் கையும் காலும் ஊண்டி இறங்கிறது. சரி. எவ்வளவுக்கு இறங்கவேணும்? எது நிலத்தில படவேணும், எது படக்கூடாது? விபரமாச் சொல்லும்" என்று கேட்டுக் கேட்டு வாங்கினார். "நெஞ்சு தரையைத் தொட்டு எழும்பணும் ஐயா, வயிறு தரையில படக்கூடாது" என்றேன். அதையே மூன்றாம் விதியாக அடித்துத் தலைவர் கையெழுத்தும் வாங்கி ஒட்டிவிட்டார்.

வந்தது வினை. பாதி அங்கத்தினர்களுக்கு நெஞ்சு இறங்குமுன் வயிறு போய்ச் சேர்ந்துவிடும். கையெழுத்தோடு பலகையில் இருப்பதால் அவர்கள் அதைக் கிளப் சட்டம் என்றே எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் துரை, தோட்ட ஆஸ்பத்திரிகளைப் பார்க்கிறவர், தாமே கொஞ்சம் உருண்டையானவர், இது இயற்கைக்கு விரோதமான சட்டம் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்தார். கமிட்டி கூடியது. நானும் கூப்பிட்டால் வருவதற்காக வாசலில் நின்றேன். இரண்டு மணி நேரம் விவாதித்து ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள்: வயிறு தரையில் படலாம், ஆனால் அங்கேயே தங்கிவிடக் கூடாது.

திருத்தத்தை டைப் அடித்துக்கொண்டிருந்த கிராணியாரிடம் போய், நான் சொன்னதில் ஏதும் தப்பா என்று பயந்துகொண்டே கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீர் சொன்னதும் சரி, நான் எழுதினதும் சரி. அவையின்ரை வயிறுதான் பிழை."

பாதி மன்னிப்பு

கோல்ப் அடிக்கும்போது தலை அசையக் கூடாது. முழங்கால் மட்டும் மடங்க வேண்டும். அதற்கு நம் தோப்புக்கரணத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? வலது கையால் இடது காது, இடது கையால் வலது காது. பந்தயத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்த நாலு பேரையும் மைதானத்து ஓரத்தில் வரிசையாக நிறுத்தினேன். பெரிய துரை, ரயில்வே துரை, டாக்டர் துரை. நாலாவது ஆத்தங்கரைத் தோட்டத்துத் துரை: நல்ல பலசாலி, பந்தை ஊருக்கு அப்பால் அடிப்பார், எந்த ஊர் என்பதுதான் அவருக்கே தெரியாது. நாலு பேரும் காதைப் பிடித்துக்கொண்டு நான் எண்ண எண்ண உட்கார்ந்து எழுந்தார்கள். கண்ணில் வெயில் அடிக்கிறது என்று அவர்களாகவே திரும்பிக்கொண்டார்கள். திரும்பிய திசையில், தோட்ட எல்லையில், மரத்தடியில் ஒரு பிள்ளையார் இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்த வழியாகத்தான் ரப்பர்ப் பால் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஸ்டோருக்குப் போவார்கள். முதலில் வந்த பெண்கள் வாளியை இறக்கி வைத்துவிட்டு நின்றார்கள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். அந்த மாதம்தான் பெரிய துரை, ஆளுக்கு இத்தனை மரம் சீவ வேண்டும் என்று இருந்ததை இன்னும் கூட்டியிருந்தார். அதற்குத்தான் பிள்ளையாரிடம் வந்து காதைப் பிடித்துக்கொள்கிறார் என்று ஆட்கள் குடியிருக்கும் லயம் முழுக்கப் பேச்சு. மறுநாள் முப்பது பேர் வந்து பயபக்தியோடு நின்றார்கள். "இவங்க எதுக்கு வந்தாங்க?" என்று பெரிய துரை கேட்டார். "வெளையாட்டுப் பாக்க, தொரை" என்றேன். அவருக்கு மகா சந்தோஷம். கையை ஆட்டிவிட்டு இன்னும் பத்து கூடுதலாகப் போட்டார்.

கூட்டத்தில் அஞ்சலை என்று ஒரு அம்மாள், மரம் சீவுவதில் கெட்டிக்காரி, வாயும் அப்படியே. கடைசிவரை நின்று பார்த்துவிட்டு வாளியைத் தலைக்கு ஏற்றினாள். "காதைப் புடிச்சது சரி, உக்காந்து எழுந்தது சரி. தலையில குட்டிக்கவே இல்லையே. பாதி மன்னிப்புத்தான் கிடைக்கும்."

குழந்தை வண்டி

இத்தனை பேரில் என்னிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவர், கற்றுக்கொள்ளக் கூடாது என்று தடுக்கப்பட்டவர். ஆத்தங்கரை துரையின் மனைவி; ஆளில்லாத நேரத்தில் அவரும் மைதானத்தில் பந்து தட்டுவார். கணவர் பயிற்சி செய்கிற நேரமெல்லாம் சற்றுத் தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்து பின்னல் வேலை செய்வார். ஒருநாள் என்னிடம் வந்து, "எனக்கும் அந்தக் கட்டை வேணும்" என்றார் மலாயில். கணவருக்கு இது பிடிக்கவில்லை. பொம்பளை கட்டை சுற்றினால் கை தடித்துவிடும், கவுன் போட முடியாது என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். துரைசானி பின்னலைச் சுருட்டிக்கொண்டு போனார். மறுநாள் விடிவதற்குள் கொட்டகைக்குப் பின்னால் வந்து நின்றார்.

எனக்கு இரண்டு பக்கமும் பயம். சொல்லிக்கொடுத்தால் துரைக்குக் கோபம், சொல்லிக்கொடுக்காவிட்டால் துரைசானிக்குக் கோபம். துரை கோபம் சத்தத்தோடு போய்விடும். துரைசானியின் கோபம் எப்படி என்று தெரியாததால் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாதத்தில் கை மணிக்கட்டு இறுகி, இடுப்பு சக்கரமாகச் சுழன்றது. வீட்டிலும் பழக வேண்டும் என்று ஒரு கட்டையைக் கேட்டார். அவர்களுடைய பிள்ளை வளர்ந்து ஓடியாடுகிற வயது. பழைய குழந்தை வண்டி சும்மா கிடந்தது. அதில் கட்டையைப் படுக்க வைத்துத் துணி போர்த்தித் தள்ளிக்கொண்டு போனார். வழியில் டாக்டர் துரை குனிந்து, குழந்தை தூங்குகிறதா என்று கேட்டாராம். கனமான தூக்கம் என்று சொல்லிவிட்டு நடந்தாராம்.

பத்து நாளில் அகப்பட்டுக்கொண்டார். கணவர் போர்வையை விலக்கிவிட்டார். அன்றைக்கு என் வேலை போயிற்று என்றே நினைத்துப் பாயைச் சுருட்டாத குறை. மறுநாள் விடியலில் துரைசானி வழக்கம்போல வந்தார். என்ன ஆயிற்று அம்மா என்று கேட்டேன். கட்டையைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோனபடியே சொன்னார்: "அவருக்காகத்தான் கொண்டுவந்தேன்னு சொன்னேன். மூணு சுத்து சுத்திப் பாத்தார். அதுக்கப்புறம் அதை நானே வச்சிக்கலாம்னு சொல்லிட்டார்."

ஒரே வியாதி

பந்தயத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது பெரிய துரை என்னைக் கூப்பிட்டார். இந்த வருஷமும் தோற்றால் கமிட்டி என்னை வைத்துக்கொள்ளாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகச் சொன்னார். அதனால்தான் பயம் அதிகமாயிற்று. என் புல்வெட்டி வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. போனால் எங்கே போவது? பயம் வந்தால் வாத்தியாருக்குப் புத்தி போய்விடும். இரண்டு மாதத்தில் வராத பலத்தை மூன்று நாளில் வரவழைத்துவிடுவது என்று இறங்கினேன். காலையில் தண்டால், பத்து மணிக்குக் கர்லாக்கட்டை, சாயங்காலம் பஸ்கி, வீட்டுக்குப் போகுமுன் தோப்புக்கரணம். பாவம், நாலு பேரும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. கோப்பை ஆசை அவர்களுக்கும் இருந்தது.

இதைப் படிக்கும் வாத்தியார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முதல் இரண்டு நாள் உடம்பு ஒன்றும் சொல்லாது. மூன்றாம் நாள் மொத்தமாகச் சொல்லும். பந்தயத்தன்று நாலு பேரும் காலைச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். பெரிய துரை கரண்டியை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் வாயைக் கரண்டிக்குக் கொண்டுபோனார். ரயில்வே துரை நாற்காலியில் உட்காரவே மறுத்துவிட்டார், எழுந்திருக்கும் கவலையில். ஆத்தங்கரை துரை நிலைமைதான் மோசம். இரண்டு கையும் துணி காயப்போட்ட மாதிரி தொங்கின. கோட்டை மனைவிதான் மாட்டிவிட்டாராம். பொந்தியான்காரர்களின் கார்கள் வருகிற சத்தம் கேட்டது. மனசுக்குள் துணிமூட்டையைக் கட்டிவிட்டேன்.

டாக்டர் துரையைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் தம் கையையே தூக்க முடியாமல், மற்ற மூன்று பேரையும் ஒவ்வொருவராக விரலால் குத்திப் பார்த்தார். குத்திய இடத்தில் எல்லாம் முனகல். பிறகு திரும்பி, மூலையில் நின்ற என்னைத் தேடிப் பிடித்தார். "நாலு பேருக்கும் ஒரே வியாதி. அதுக்குப் பேரு ரங்கசாமி."

கோப்பை

மூன்று பேர் எப்படியோ குச்சியை இடுப்பு உயரம் வரை தூக்கினார்கள். ஆத்தங்கரை துரைக்கு அதுவும் முடியவில்லை. நாலாவது ஆள் இல்லாவிட்டால் பந்தயமே இல்லை. பொந்தியான் தலைவர், முறுக்கிய மீசைக்காரர், கடிகாரத்தை எடுத்து எடுத்துப் பார்த்தார். அப்போது கிராணியார் கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டு வந்து, பெரிய துரையின் காதருகே இங்கிலீஷில் ஏதோ சொன்னார். விலகி வந்தபிறகு என்னிடம், "பொந்தியான் கிளப்பின்ரை கடிதத்தில நாலு பேர் எண்டுதான் கிடக்கு. ஆம்பிளை எண்டு ஒரு இடத்திலையும் இல்லை" என்றார். பெரிய துரை பார்வை நாற்காலியில் பின்னிக்கொண்டிருந்த துரைசானியின் மேல் போனது. ஆத்தங்கரை துரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். தொங்குகிற தன் கையைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். மீசைக்காரர் பெரிதாகச் சிரித்து, வேண்டுமானால் அம்மாள் கொஞ்சம் முன்னால் நின்றே அடிக்கலாம் என்று பெருந்தன்மை காட்டினார். துரைசானி ஊசியைக் கம்பளிப் பந்தில் குத்திவிட்டு எழுந்தார். வேண்டாம் என்றார்.

அன்றைக்கு ஓர் அதிசயம் நடந்தது. வழக்கமாக எங்கள் துரைமார் குச்சியை ஆகாயம்வரை ஓங்குவார்கள், பந்து காட்டுக்குள் போகும். இப்போது ஓங்க முடியவில்லை. பாதி கை தூக்கி மெதுவாகத் தட்டினார்கள். பந்து கொஞ்ச தூரம்தான் போனது, ஆனால் நேராகப் போனது. புல்லை விட்டு இறங்கவேயில்லை. ஒரு பந்துகூடத் தொலையவில்லை. பை தூக்குகிறவர்கள் தேடுவதற்கு ஒன்றுமில்லாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ரயில்வே துரை தோற்றார். டாக்டர் துரை சமமாக முடித்தார். பெரிய துரை ஜெயித்தே விட்டார். குழியிலிருந்து பந்தை எடுக்கக் குனிய முடியாததால் காலால் மரியாதையாகச் சுட்டிக் காட்டினார். மீதி இருந்தது துரைசானிக்கும் மீசைக்காரருக்கும் நடந்த ஆட்டம். எட்டுக் குழி முடிவில் இருவரும் சமம். ஒன்பதாவது குழிக்கு நடுவில் ஒரு சதுப்பு இருக்கிறது. மீசைக்காரர் ஓங்கி அடித்தார். பந்து சேற்றில் குதித்தது. துரைசானி நின்றார். தலை அசையவில்லை. இடுப்பு திரும்பியது, தோள் பின்னால் வந்தது. நான் கொட்டகை ஓரத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பந்து சதுப்பைத் தாண்டி அந்தப் பக்கத்துப் புல்லில் போய் விழுந்து, ஓடி, நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன். அங்கிருந்து அவர் நிதானமாகத் தட்டிப் பந்தைக் குழிக்குள் இறக்கியபோது, மீசைக்காரர் இன்னும் சேற்றை வழித்துக்கொண்டிருந்தார்.

செகாமட்டிலிருந்து படம் பிடிப்பவர் வந்திருந்தார். கோப்பை வெள்ளி, நல்ல கனம். கிளப் தலைவர் அதை உயர்த்திப் பிடிக்க வேண்டும் என்றார் படக்காரர். பெரிய துரை முயன்றார். முழங்கால் வரை வந்தது. மற்ற இருவரும் உதவிக்குக் கை கொடுத்தார்கள்; மறுபடி தரைக்கே போனது. துரைசானி வந்து கோப்பையின் காதைப் பிடித்து ஒரே கையில் தலைக்கு மேலே தூக்கினார். ஆத்தங்கரை துரை அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார், யாரும் அழைக்காமலே. எல்லோரும் அசையாமல் நிற்க, படக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு வெகுநேரம் என்னவோ செய்துகொண்டிருந்தார். பெரிய துரை உதடு அசையாமல் என்னிடம் சொன்னார்: "ரங்கசாமி, அவனைச் சீக்கிரம் புடிக்கச் சொல்லு. மூக்கு அரிக்குது, கை எட்டலை."

பலசாலி ஆக்குகிறேன் என்று நான் முடக்கிப்போட்டவர்கள் மானத்தைக் காப்பாற்றினார்கள், பலசாலி ஆகவே கூடாது என்று தடுக்கப்பட்டவர் கோப்பையைக் கொண்டுவந்தார், இரண்டுக்கும் சேர்த்து வாத்தியார் என்ற பேர் மட்டும் எனக்கு.